ராண்டுசாரியில் விழுந்த கல்

எங்கள் ஊர்ப் பையன்கள் ரயிலில் டிக்கெட் எடுப்பதில்லை என்று நாடே பேசும். பேசட்டும். அது பொய்யும் இல்லை. வெளியூரில் பந்தாட்டம் என்றால் எங்கள் அணியின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஸ்டேஷனுக்குப் போவதுதான் எங்கள் சுரபாயாவில் வழக்கம். காசு வைத்திருப்பவன்கூட எடுக்க மாட்டான். எடுத்தால் போகிற வழியெல்லாம் அவனை மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட்டே சாகடித்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் சுலிக்காவின் பேரைச் சொல்லி அவர்கள் பாடுகிறார்களே ஒரு பாட்டு, அதன் மேல்தான். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பச்சைப் பொய். அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்துவிட்டதாக்கும்.

சுலிக்காவும் நானும் பபேயான் சந்தையில் வெங்காயம் உரிப்பவர்கள். மூட்டை வந்து இறங்கியதும் சாக்கை விரித்து உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுபோகும் வரை உரிப்போம். சுலிக்காவுக்கு அகலமான தோள், அதைவிட அகலமான வாய். அவள் புருஷன் கடல் தாண்டிக் கலிமந்தானுக்கு மரம் அறுக்கப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் போட்டுக்கொண்டான். செய்தி வந்த அன்று அவள் அழவில்லை. அவன் விட்டுப்போன சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்க் கால்வாயில் தள்ளிவிட்டு வந்து வேலையைப் பார்த்தாள். அம்மா செத்த பிறகு தம்பி ஜுமாதியை வளர்த்ததும் அவள்தான். அவனுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து பச்சைச் சட்டைக் கும்பலோடு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தான். "அவனைப் பார்த்துக்கத்தான் நானும் போறேன்" என்று சுலிக்கா எல்லோரிடமும் சொல்வாள். அதுவும் கதைதான். ஜுமாதியைவிட அவளுக்குத்தான் பந்தாட்டப் பைத்தியம். எங்கள் அணி தோற்றால் இரண்டு நாள் சந்தையில் அவளிடம் யாரும் வாய் கொடுக்க மாட்டோம்.

டிக்கெட் எடுக்காமல் போகிறாயே, வெட்கமாக இல்லையா என்று சந்தையில் ஒரு கடைக்காரர் கேட்டபோது அவள் உரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் ஏறுனாலும் அந்த வண்டி ஓடும், ஏறலைன்னாலும் ஓடும். நான் ஏறுனதால எவன் வீட்டு அடுப்பு அணைஞ்சுது? காட்டுங்க, நாளைக்கே டிக்கெட் எடுக்குறேன்." மூட்டைக்கு எடை குறைத்துப் போடுகிற மனிதர், அவருக்கு எதற்கு ஊர் நியாயம்?

அந்த வருடம் மேற்கே தூரத்து ஊர் ஒன்றில் ஆட்டம். "கடலையே பார்த்துக்கிட்டிருந்தா கண்ணு பூத்துப்போகும் மர்த்தி, வா, மலையப் பார்க்கலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் கிளம்பின வண்டி. கூரையில் பையன்கள், கதவில் பையன்கள், கக்கூசுக்குள்கூட நாலு பையன்கள். டிக்கெட் பரிசோதகர் எங்களைப் பார்த்ததும் கடைசிப் பெட்டிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாடிக்கொண்டு, தொப்பியை நீட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்த பயணிகள் தந்த வாழைப்பழத்தைப் பத்துப் பேர் பிய்த்துத் தின்றுகொண்டு போனோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் பிடித்திருந்தது. எத்தனை வருடமாயிற்று நான் வாய்விட்டுப் பாடி!

மதியத்துக்கு மேல் ராண்டுசாரி வந்தது. சின்ன ஸ்டேஷன். எதிர் வண்டிக்காக எங்கள் வண்டியை அங்கே நிறுத்திப் போட்டார்கள். கூடைக்காரப் பெண்கள் ஓடி வந்தார்கள். இலையில் சோறு, கீரை, அதன்மேல் கடலைச் சட்னி. இந்தப் பெண்களும் டிக்கெட் எடுப்பவர்கள் இல்லை. பரிசோதகருக்கு ஒரு பொட்டலத்தைக் கொடுத்து ஏறி, நாலு ஸ்டேஷன் விற்றுக்கொண்டே போய், எதிர் வண்டியில் திரும்புவார்கள். எங்கள் பையன்களோ காலையிலிருந்து பட்டினி. யார் முதலில் கை வைத்தது என்று தெரியாது. நான் ஜன்னலில் எட்டிப் பார்க்கும்போது ஒரு பெண்ணைச் சுற்றிப் பச்சையாக ஒரு குவியல். அது விலகியபோது அவள் கையில் கூடையே இல்லை. சட்னிச் சட்டி உடைந்து கிடந்தது. வண்டி நகர்ந்துவிட்டது.

சுலிக்கா அப்போது முன்பெட்டியில் இருந்தாள், ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு உட்கார இடம் பிடித்துத்தரச் சண்டை போட்டுக்கொண்டு. திரும்பி வந்து பார்க்கிறாள்: ஜுமாதி அந்தக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுகிறான். கும்பலுக்குத் தலைவன் சாக் கோதிர், பெரிய முரசை மடியில் வைத்து அடிக்கிறான். சுற்றிலும் எல்லார் வாயிலும் சோறு.

"யாரோடதுடா இது?" என்றாள்.

"சோத்துக்காரியோடதுக்கா. சும்மா தமாசுக்கு."

"அவ எங்கடா?"

"அங்கதான் நின்னு ஒப்பாரி வெச்சிக்கிட்டிருந்தா." பெட்டியே சிரித்தது.

சாக் கோதிர் முரசை நிறுத்தாமலே சொன்னான்: "அக்கா, ரயில்ல ஓசி இனிக்குது, சோத்துல மட்டும் கசக்குதா? நீயும் டிக்கெட் இல்லாமத்தான வந்திருக்க. நியாயம் பேச வந்துட்ட."

"ஆமாடா, பேசுவேன். நான் டிக்கெட் எடுக்காததுக்கு எவனாவது இன்னிக்குப் பட்டினி கிடக்கிறானா? அவ கிடப்பா. அவ புள்ளைங்க கிடக்கும். அவளும் நம்ம மாதிரி டிக்கெட் இல்லாம ஏறுறவடா! செக்கர் கால்ல விழாத குறையா ஏறுறா. ஓசியில போறவனே ஓசியில போறவ வயித்துல அடிச்சா, அதுக்குப் பேரு வீரமா? தூ!"

"போதும்க்கா. போய் உக்காரு. அடிடா பாட்டை!" என்றான் கோதிர்.

சுலிக்காவின் இடுப்பில் வெங்காயக் கத்தி எப்போதும் இருக்கும். எடுத்தாள், முரசின் தோலில் ஒரே இழுப்பு. கோதிர் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். அவள் அசையவில்லை. "அடி. பொம்பளைய அடிச்சேன்னு அதையும் பாட்டாக் கட்டிப் பாடு" என்றாள். அவன் கை அப்படியே நின்றது. அவள் தம்பியின் தலையிலிருந்து கூடையைப் பிடுங்கினாள், கன்னத்தில் ஒன்று வைத்தாள், அடுத்த ஸ்டேஷனில் என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா? கூடையக் குடுக்க அந்த ஊருக்கே போறியா? நம்மள வெட்டிப் போட்டுருவாங்க" என்று நான் கத்தினேன்.

"மர்த்தி, ரெண்டு நாள்ல இதே வண்டி இதே வழியாத்தான் திரும்பணும். அந்த ஊருக்காரன் சும்மா பார்த்துக்கிட்டிருப்பானா? போன வருஷம் வேற ஊர்ல பார்த்தோமில்ல, தண்டவாளத்து ரெண்டு பக்கமும் கல்லோட நின்னானுங்களே. ஜுமாதி உள்ள உக்கார மாட்டான். கதவுலதான் தொங்குவான். அவன் மண்டை உடையுறதப் பார்க்கவா நான் அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தேன்?"

அவள் கோபத்துக்கு அடியில் இருந்தது இந்தப் பயம்தான்.

எதிர் வண்டியில் ஏறினோம். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஆயிரம் பேரோடு டிக்கெட் இல்லாமல் போவது திருவிழா. இரண்டு பெண்கள் மட்டும் போவது திருட்டு. பரிசோதகர் நேராக எங்களிடம் வந்தார். "என்ன, கும்பலோட வந்தா புலி, தனியா வந்தா பூனையா? டிக்கெட்ட எடும்மா" என்றார்.

"இல்லை. ராண்டுசாரில இறங்கணும்" என்றாள் சுலிக்கா.

"நானே இறக்கி விடுறேன். கழுத்தப் பிடிச்சு."

"நல்லது. அடுத்த ஸ்டேஷன் அதுதான், மறந்துடாதீங்க."

ஜன்னலோரத்தில் ஒருவர் சிரித்துவிட்டார். பரிசோதகருக்கு இன்னும் கோபம் ஏறி, சொன்னபடியே ராண்டுசாரியில் எங்களைப் பிளாட்பாரத்தில் தள்ளிவிட்டுப் போனார்.

கூடைக்காரியின் பேர் கினா. கூடையைப் பார்த்ததும் அழுது கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி. "கூடை வந்துச்சு. சோறு எங்க? சட்டி எங்க? என் கையக் கடிச்சானே ஒரு நாய், அவன் எங்க?" என்று பிடித்துக்கொண்டாள். அரை நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. பச்சைச் சட்டை தானாக வந்து மாட்டியிருக்கிறதே, விடுவார்களா? கினாவின் அண்ணன் பார்மின் செங்கல் சூளைக்காரர், கையில் ஒரு முழுச் செங்கல்லோடு நின்றார்.

"கடிச்சவன் யாருன்னு தெரியாது. கூடைய எடுத்தவன் என் தம்பி. அதான் நான் வந்திருக்கேன். உன் வீட்டு வேலை என்ன இருக்கோ சொல்லு, வண்டி திரும்புற வரைக்கும் செய்யுறேன்" என்றாள் சுலிக்கா.

"உன் தம்பி தின்னதுக்கு நீ வந்து பாத்திரம் தேய்ச்சா ஆச்சா?"

"ஆகாது. அவன் வந்து தேய்க்கிற வரைக்கும் நான் தேய்க்கிறேன்."

இரண்டு நாளும் கினாவின் அடுப்படியில் சண்டை ஓயவில்லை. கடலையை இன்னும் வறுக்கணும் என்பாள் ஒருத்தி, கருகிப்போச்சு என்பாள் இன்னொருத்தி. எனக்குத் தெரிந்தவரை சுலிக்கா ஒருத்தரிடம் விடாமல் சண்டை போட்டால் அவரைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். கினாவுக்கும் அதே குணம்தான் போலிருக்கிறது. இரண்டாம் நாள் சுலிக்காவின் தட்டில் கேட்காமலே இன்னொரு துண்டு பொரித்த சோயாத் தெம்பே விழுந்தது.

ஆனால் வெளியே தண்டவாளத்தோரம் அரிசிச் சாக்குகளில் கல் சேர்ந்துகொண்டே இருந்தது. சுலிக்கா பார்மினிடம் போனாள். கெஞ்சவில்லை, அவளுக்கு அது வராது. "எறிஞ்சா யார் மேல படும்னு உங்களுக்குத் தெரியுமா? அந்த வண்டியில டிக்கெட் எடுத்த சனமும் இருக்கு, கைக்குழந்தையும் இருக்கு. உங்க தங்கச்சி நாளைக்கு எந்த வண்டியில ஏறி வித்துப் பொழைப்பா?" என்று கேட்டாள். கினாவும் பின்னாலேயே வந்து, "அவ சொல்றது சரிதாண்ணே. வண்டி நிக்காமப் போச்சுன்னா என் பொழைப்புல மண்ணு" என்றாள்.

பார்மின் தாடையைத் தேய்த்தார். "சரிம்மா. நாளைக்கு நீ எங்களுக்கு முன்னால நிக்கணும். இந்தச் சட்டையோடயே நிக்கணும். உன்னைப் பார்த்து அவனுங்க வாயப் பொத்திக்கிட்டுப் போனா எங்க ஆளு ஒருத்தன் கையத் தூக்க மாட்டான்" என்றார்.

சுலிக்கா ஒத்துக்கொண்டாள். அன்று மாலை சாக்குகளைச் சூளைப் பக்கம் தள்ளிக் கொட்டினார்கள். நான் என் கண்ணால் பார்த்தேன். இதைப் பாட்டில் யாராவது பாடுகிறார்களா?

வண்டிக்குள் என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு பெண் தன் முரசைக் கிழித்துவிட்டாள் என்று சொல்ல சாக் கோதிருக்கு மானம் போகிறதாம். ராண்டுசாரிக்காரன் கிழித்துவிட்டான் என்று மற்றப் பெட்டிகளில் சொல்லியிருக்கிறான், நேரில் பார்த்த எங்கள் பெட்டிக்காரர்களும் தலைவனுக்கு ஒத்து ஊதியிருக்கிறார்கள். அப்படியானால் சுலிக்கா எங்கே? அவளை அவர்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் வேறு தோற்றுப்போயிருந்தார்கள், வெறியேற வேறென்ன வேண்டும்? இதெல்லாம் பொய் என்று அங்கே சொல்லவேண்டியவன் ஒருவன் இருந்தான். அக்காள் எதற்கு இறங்கினாள் என்று ஜுமாதிக்குத் தெரியும். அவன் சொல்லவில்லை. சொன்னால் கூடைக் கதையைச் சொல்லவேண்டும், கன்னத்தில் வாங்கிய அறையைச் சொல்லவேண்டும்.

மறுநாள் காலை. ஊர்ச்சனம் பிளாட்பாரத்தில் வெறுங்கையோடு நிற்கிறது. முன்னால் சுலிக்கா, அவள் பக்கத்தில் நான், பின்னால் கினா. சுலிக்கா தலையை வாரி முடிந்து, சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு உடுத்தியிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் வண்டியை நிற்காமல் அனுப்பப் பச்சைக்கொடி பிடித்திருந்தார். வளைவில் வண்டி தெரிந்ததும் சுலிக்கா கையை உயர்த்தி ஆட்டினாள், சும்மா போங்கடா என்று.

அவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்தது? எதிரி ஊர்க் கூட்டம், அதன் நடுவே எங்கள் பெண், காப்பாற்றச் சொல்லிக் கையை ஆட்டுகிறாள்! வழியில் அள்ளிய ஜல்லிக்கல் எல்லார் கையிலும் இருந்தது. கல் வண்டியிலிருந்துதான் வந்தது. அல்லா சத்தியமாக வண்டியிலிருந்துதான் வந்தது. முதலாவதே சுலிக்காவின் இடது கண்ணில் விழுந்தது. அவள் "அய்யோ" என்றுகூடச் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தபடியே முட்டி மடிந்து உட்கார்ந்தாள். பிறகுதான் ராண்டுசாரி ஆண்கள் கீழே கிடந்ததை எடுத்து எறிந்தார்கள். வண்டி போன பிறகு பிளாட்பாரமெல்லாம் கண்ணாடித்தூள்.

பார்மின்தான் அவளைத் தன் செங்கல் வண்டியில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கினா மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் எங்கள் ஊரையே வசைபாடினாள். நானும் சேர்ந்து வசைபாடினேன். கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். ஜுமாதிக்கு ஒன்றும் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கேட்டதும் சுலிக்கா, "சரி" என்றாள்.

ஊர் திரும்பினால், அவள் பெரிய ஆளாகிவிட்டிருந்தாள். ராண்டுசாரிக்காரர்கள் எறிந்த கல்லில் ரசிகை கண்ணிழந்தாள் என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். சாக் கோதிர் மாலையும் பழமுமாக வந்தான். சந்துக்குள் நிற்க இடமில்லை. அவள் படம் எழுதிய துணியை விரித்துக் காட்டினார்கள். கண்ணுக்குக் கண் வாங்குவோம் என்று பாட்டு.

"அது உங்க கல்லுடா" என்றாள் சுலிக்கா.

பாட்டு நின்றது. கோதிர் பல்லைக் காட்டினான். "அக்கா, அந்தக் கூட்டத்துல எது யார் கல்லுன்னு எப்படிச் சொல்றது? அவன் ஊர்ல விழுந்த கல்லு, அவன் கல்லுதான்."

"நான் வண்டியப் பார்த்துல்லடா நின்னேன்! முதுகுலயா பட்டுச்சு? ரெண்டாவது பெட்டி. எறிஞ்சவன் இங்கதான் நிக்கிறான். நான்தான்னு சொல்லச் சொல்லு. நான் ஒண்ணும் செய்ய மாட்டேன். ஒரு வாய் காபி குடுத்து அனுப்புறேன். சொல்லச் சொல்லு!"

"அக்காவுக்கு அதிர்ச்சி, ஓய்வெடுக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டு கலைந்தார்கள். சந்து முனை தாண்டியதும் மறுபடி பாட்டு கேட்டது. அதில் ஜுமாதியின் குரலும் இருந்தது. அவன் குரல் எனக்குத் தெரியாதா? அவளுக்குத் தெரியாதா?

அவள் அவனை வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். அவனோ அக்காள் கண்ணைக் காட்டிக் காட்டியே கும்பலில் இரண்டாவது தலைவனாகிவிட்டான்.

அடுத்த வருடம் மறுபடி மேற்கே ஆட்டம். இந்த முறை போகும்போதே ராண்டுசாரியில் பழி தீர்ப்பது என்று முடிவாம். கூரையில் கல் மூட்டை ஏற்றுகிறார்கள் என்று சந்தைக்குச் செய்தி வந்தது. சுலிக்கா கையிலிருந்த வெங்காயத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். அதே பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள்.

"இன்னுமா இந்தச் சட்டை?" என்றேன்.

"இது என் ஊருச் சட்டை. அவனுங்க அப்பன் வீட்டுதா?"

அவர்களுக்கு முந்தின வண்டியைப் பிடித்தோம். டிக்கெட் எடுக்கவில்லை, எதற்கு எடுக்கவேண்டும்? பரிசோதகர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார். ராண்டுசாரியில் கினா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். பார்மினும் மற்றவர்களும் பின்னால். இந்த முறை அவர்கள் கை வெறுங்கை இல்லை, நானும் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வண்டி மெதுவாகத்தான் வந்தது. கதவெல்லாம் பையன்கள், கையெல்லாம் கல். சுலிக்கா பிளாட்பாரத்தின் விளிம்புக்கே போனாள். கண் போனதிலிருந்து மாட்டுகிற கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் இருந்த குழியை அவர்களுக்குக் காட்டிக்கொண்டு, சந்தையே நடுங்குகிற அந்தக் குரலில் கத்தினாள்:

"இன்னொண்ணு மிச்சம் இருக்குடா! எறிங்கடா! இந்தத் தடவையாவது யாரு எறிஞ்சதுன்னு பேரைச் சொல்லிட்டு எறிங்க!"

முதல் பெட்டி போயிற்று. இரண்டாவது போயிற்று. பாட்டு இல்லை, முரசு இல்லை, சக்கரச் சத்தம் மட்டும்தான். ஒருத்தன் கையும் எழவில்லை. மூன்றாவது பெட்டிக் கதவில் ஜுமாதி இருந்தான். கல் அவன் கையில் இருந்தது. அக்காளைப் பார்த்தான், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான், அப்படியே ஆட்களுக்குள் நுழைந்து மறைந்துவிட்டான். நான் பார்த்தேன், கினாவும் பார்த்தாள்.

வண்டியின் வால் வளைவில் மறைந்த பிறகு கினா மெல்லக் கேட்டாள்: "உன் தம்பியப் பார்த்தியா?"

சுலிக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"இல்ல கினா. அவன் நின்ன பக்கம் எனக்குக் கண்ணு கிடையாது" என்றாள்.